கைக்கெட்டும் தூரத்தில் ரெம்பிராண்ட்

மெய்நிகர் கண்காட்சிகளின் முதல் ஈர்ப்பு, நேரில் கிடைக்காத நெருக்கம். ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில், ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்து முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியம் இருக்கிறது. நேரில் செல்பவர்கள் சற்று விலகி நின்றுதான் அதைப் பார்க்க முடியும். 2022-இல் அந்த அருங்காட்சியகம் 8,439 ஒளிப்படங்களை இணைத்து, 717 கிகாபிக்சல் அளவுள்ள ஒரே படமாக இணையத்தில் வெளியிட்டது. அதைப் பெரிதாக்கினால் வண்ணப்பூச்சின் மயிரிழை வெடிப்புகளும், படைத்தலைவரின் முகத்தில் பதிந்த தூரிகைத் தீற்றல்களும் துல்லியமாகத் தெரியும்.

அடுத்த ஈர்ப்பு, அரும்பொருள் கிடங்குகளின் திறப்பு. பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பில் சிறு பகுதியையே காட்சிக்கு வைக்கின்றன. மற்றவற்றில் பலவற்றை இணையத்தில் காணலாம். மூன்றாவது, எளிமை. பயணம் வேண்டாம், வரிசை இல்லை. ‘இரவுக் காவல்’ படத்தைப் பார்க்கக் கட்டணமும் இல்லை. இணைய வசதியுள்ள கைப்பேசி ஒன்று போதும்.