இடமறிந்து கேட்டல்

(சங்க இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சாரம்)

இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கணனியைப் பற்றியது. இது எமக்கு விளங்காத சங்கதி என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்க்கு இது புதிதன்று. சூரியோதயம் யாழ்ப்பாணத்தில் ஒரு நேரம், கொழும்பில் வேறொரு நேரம் என்று கணிப்பதற்கு அந்தந்த ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். இடத்தை இரண்டு எண்களாக எழுதிவைத்துக் கேள்வி கேட்பது எமது முன்னோர்க்குத் தெரிந்த வித்தைதான். அதே வித்தையை ஒரு பட்டியலுக்குப் பயன்படுத்துவதையே இங்கே விளக்கப்போகின்றோம்.

பட்டியலிலிருந்து வேண்டியதைக் கேட்டெடுப்பதற்கென 1970ஆம் ஆண்டுகளில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஒரு மொழி பிறந்தது. அதன் பெயர் எஸ்.கியூ.எல். எதை எடுப்பது, எப் பட்டியலிலிருந்து எடுப்பது, என்ன நிபந்தனைக்கு உட்பட்டதை எடுப்பது என்னும் மூன்றே அதன் சாரம். 2001இல் கனடாவில் உருவான போஸ்ற்ஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருள், அம்மொழியில் இடத்தைப் பற்றியும் கேட்க வழி செய்தது. கியூஜிஐஎஸ் என்ற இன்னொன்று, நாமே தட்டெழுதிய சாதாரண அட்டவணையைக்கூட வரைபடமாக்கி அதன்மீது இத்தகைய கேள்விகளைக் கேட்க இடந்தருகிறது. இரண்டும் காசின்றிக் கிடைப்பவை.

இவ்வித கேள்விக்கு உலகம் மூன்று உருவங்களாகத் தோன்றும். ஒரு வீட்டின் வாசல் ஒரு புள்ளி. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும் ஆடிவேல் ரதத்தின் பாதை ஒரு கோடு. ஒரு கிராம சேவகர் பிரிவு ஒரு பரப்பு. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம், இத்தனை மீற்றருக்குள் உள்ளவை எவை, இந்தப் பரப்புக்குள் அடங்குவன யாவை என்பனவே அடிப்படைக் கேள்விகள். கணனி இவற்றை முறையே எஸ்.டி. டிஸ்டன்ஸ், எஸ்.டி. டிவிதின், எஸ்.டி. கொன்டெயின்ஸ் என்ற பெயர்களால் அறியும்.

இனி எமது அனுபவத்துக்கு வருவோம். 2017இல் இலங்கை முழுவதும் 1,86,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவாயினர். மேல் மாகாணமே மிகுதியும் பாதிக்கப்பட்டது. டெங்கு நுளம்பு தான் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள்ளேயே திரியும். எமது சங்கத்திடம் இரண்டு கொப்பிகள் இருந்தன. ஒன்று, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தனித்து வாழும் முதியோரின் பெயர்களும் விலாசங்களும். மற்றது, சிரமதானத்தின்போது தண்ணீர் தேங்கக் கண்ட இடங்கள். எந்த முதியோர் வீட்டுக்கு 200 மீற்றருக்குள் நீர் தேங்கியிருக்கிறது என்று அறிந்தால் அங்கே முதலிற் போகலாமே என்று எண்ணினோம்.

ஆனால் இரண்டு கொப்பிகளையும் இணைப்பதெப்படி? விலாசத்தால் இணைக்க முடியவில்லை. முதியவர் ‘ஹை ஸ்றீற்’ என்கிறார், இளைஞன் ‘டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை’ என்று எழுதுகிறான். வீதி ஒன்றே, பெயர் மாறிவிட்டது. மூன்று மொழிகளில் எழுதும்போது எழுத்தும் மாறுகிறது. இடத்தின் எண்களோ மாறுவதில்லை. ஆகவே ஒவ்வோரிடத்திலும் நின்று, கைத்தொலைபேசி காட்டும் இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளத் தீர்மானித்தோம். பொதுவான பெயரோ இலக்கமோ இல்லாத இரு பட்டியல்களை இடம் ஒன்றினாலேயே இணைப்பதுதான் இவ்வித்தையின் பெரும்பயன்.

பரீட்சார்த்தமாகச் சங்க மண்டபத்தையும் நீர் தேங்கிய சில இடங்களையும் முதலில் இட்டுப் பார்த்தோம். இரண்டு பிழைகள் செய்தோம். முதலாவது, எண்களை முன்பின்னாக இட்டுவிட்டோம். வெள்ளவத்தை ஏறக்குறைய வடக்கு 6.87, கிழக்கு 79.86 பாகையில் உள்ளது. நாம் அட்சரேகையை முதலில் எழுதுகிறோம். கணனியோ பெரும்பாலும் தீர்க்கரேகையை முதலில் எதிர்பார்க்கும். அதனால் எமது மண்டபம் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே, வடதுருவத்துக் குளிர்கடலில் மிதந்தது! இரண்டாவது, 200 என்று நாம் எழுதியதைக் கணனி 200 பாகை என்று கொண்டது. இங்கே ஒரு பாகை ஏறத்தாழ 110 கிலோமீற்றர். 200 பாகைக்குள் இந்தியாவும் சீனமும் அடங்கிவிடும். ஆகவே எல்லா இடமும் ‘அருகில்’ என்றே விடை வந்தது. பிதுருதலாகலை மலையை மூலமாகக் கொண்டு மீற்றரில் அளக்கும் இலங்கைக் கட்ட முறைக்கு எண்களை மாற்றிய பின்னரே சரியான விடை கிடைத்தது. யந்திரம் பொய் சொல்வதில்லை. ஆனால் எமது பிழையை எமக்கே மெய்போல் திருப்பித் தரும்.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். திருத்த முடியாத ஒன்றை எமக்கு உணர்த்தியவர் வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் தனித்து வாழும் அம்மையார் ஒருவர். வாசலில் நின்று நாம் எண்களைக் குறிப்பதைக் கண்டு, “தம்பிமாரே, இந்தப் பட்டியல் கடைசியிலே ஆருடைய கையிலே போய்ச் சேரும்?” என்று கேட்டார். எம்மிடம் விடை இல்லை. பிறகு அவரே சொன்னார். 1983 ஜூலையில் கலகக்காரர் வாக்காளர் இடாப்புகளைக் கையிலே கொண்டுவந்து தமிழர் வீடுகளைத் தேடியதை அவர் அறிவார். அந்த இடாப்பும் நல்ல நோக்கத்துக்காகவே எழுதப்பட்டது. யாம் அன்று பிறந்திருக்கவில்லை. ஆயினும் அந்த வாசலில் எமது கொப்பி மிகவும் பாரமாயிற்று.

பெரியோர்களே, அந்தக் கேள்வியை நாம் முதலிலேயே எம்மை நாமே கேட்டிருக்க வேண்டும். பெயரும் விலாசமும் கொண்ட கொப்பியோடு ஒருவன் தெருத்தெருவாய் அலைய வேண்டும். இட எண்களும் சேர்ந்துவிட்டால் ஒரே கேள்வியில் அத்தனை வாசல்களும் வரைபடத்தில் தோன்றும். உதவி செய்பவனுக்கு எளிதானது தீமை செய்பவனுக்கும் எளிதாகும்.

ஆகையால் வேலையைக் கைவிடாமல் முறையை மாற்றினோம். சம்மதம் தந்தவரின் வீட்டை மட்டும் குறித்தோம். பெயர்க் கொப்பி ஒருவர் பொறுப்பில் பூட்டிய பெட்டியில் இருக்கும். கணனியில் இலக்கமும் புள்ளியும் மாத்திரமே. வெளியாருக்கு வீட்டுப் புள்ளிகளைக் கொடாமல், ஒவ்வொரு பரப்புக்குள்ளும் எத்தனை வீடுகள் என்ற தொகையை மாத்திரம் கொடுப்போம். மழைக்காலம் முடிந்ததும் புள்ளிகளை அழித்துவிடுவோம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம், நோக்கம், கால எல்லை ஆகியவற்றை வலியுறுத்துகின்றது. எனினும் சட்டத்துக்கு முன்னே அம்மையாரின் கேள்வியே எமக்கு அதைக் கற்பித்தது.

இம்முறையை எடுத்துரைக்க மீண்டும் அவரிடம் சென்றோம். பொறுமையாகக் கேட்டார். “என்ரை வீட்டைப் போட வேண்டாம், ஆனால் பின்வளவிலே ஒரு பழைய தொட்டி கிடக்குது, அதைக் கவிட்டுவிட்டுப் போங்கோ” என்றார். கவிழ்த்தோம். தேநீரும் தந்தார். அவருடைய வீடு இன்றும் எமது வரைபடத்தில் இல்லை. ஆனால் மாதந்தோறும் அங்கே போய்வருகிறோம்.

இளைஞர்களே, இவ்வித்தையைக் கற்றுக்கொள்ளுங்கள். சங்கத்தில் யாமே சொல்லித்தருவோம். ஆனால் கணனியிடம் ‘எங்கே’ என்று கேட்குமுன், ‘யாருக்காக’ என்று எம்மையே கேட்டுக்கொள்வோம். அவ்வளவே எமது வேண்டுகோள்.