கூடாரமும் கூட்டாளியும்



அண்மையில் ஒரு நாள் மாலை, நம் தோட்டப் பள்ளியில் எம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவர் ஒருவர் எம் வீட்டுக்கு வந்தார். இப்போது தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். கூடவே அவருடைய கூட்டாளியும் வந்திருந்தார். “சார், நாங்க ரெண்டு பேரும் குனோங் தாஹான் ஏறப் போறோம். எந்த மாதிரி கூடாரம் வாங்கலாம்?” என்று கேட்டார். பின்னாலேயே வந்த அவருடைய தாயார், “காட்டுல போய்ப் படுக்கப் போறானாம். நீங்களாவது புத்தி சொல்லுங்க வாத்தியாரே” என்றார்.

போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாயின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆகவே, அந்த இரண்டு இளைஞர்களுக்கும் சொன்னதை இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

பகாங் மாநிலத்தில், தாமான் நெகாரா காட்டுக்குள் நிற்கிறது குனோங் தாஹான். உயரம் 2,187 மீட்டர். தீபகற்ப மலேசியாவில் இதைவிட உயர்ந்த மலை இல்லை. கோலத் தாஹான் வழியாகப் போய்த் திரும்ப ஏறத்தாழ 7 நாள் ஆகும். ஆற்றைப் பல தடவை கடக்க வேண்டும். மெராப்போ வழி அதைவிடக் குறுகியது. எந்த வழியில் போனாலும் அனுமதி பெற்று, வழிகாட்டியுடன்தான் போக வேண்டும்.

நம் நாட்டில் குளிர் ஏது என்று பலர் நினைக்கிறார்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அப்படியானால் மலையுச்சியில், கீழே இருப்பதைவிட 12, 13 டிகிரி குறைவாக இருக்கும். அதோடு மழையும் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? இதை நாம் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எம்மோடு படித்த நண்பர் ஒருவருடன், பல ஆண்டுகளுக்கு முன் இதே மலைக்குப் போனோம். கூடாரம் வாங்கும் வேலை எம்முடையது. நண்பரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடையில் விலை மலிவாக இருந்த ஒன்றை, விரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டோம். ‘இருவருக்கு’ என்று உறையில் எழுதியிருந்தது. நண்பரோ நம்மைவிட ஒரு சாண் உயரமானவர். அவர் கால் நீட்டினால் பாதம் துணியில் இடித்தது. இரண்டாம் இரவு மழை கொட்டியது. தையல் வழியாகத் தண்ணீர் இறங்கியது. துணியைத் தொட்டுக்கொண்டு படுத்திருந்த நண்பர் இடுப்புக்குக் கீழே முழுதும் நனைந்துபோனார்.

விடியற்காலையில் அவர் உடம்பு நடுங்கியது. சட்டைப் பொத்தானைப் போட விரல் வளையவில்லை. பேச்சுக் குழறியது. வழிகாட்டி ஓடிவந்து, ஈரத் துணிகளைக் கழற்றி, உலர்ந்த உடை போட்டு, போர்வையால் சுற்றி, சூடான சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகே அவர் தெளிந்தார். உடல் சூடு இப்படி அளவுக்கு மீறி இறங்கினால் உயிருக்கே ஆபத்து. சாராயம் குடித்தால் குளிர் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு, சாராயம் உடம்பிலுள்ள சூட்டை மேலும் வெளியேற்றிவிடும்.

நண்பர் எம்மை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எமக்கு அதிகமாகச் சுட்டது.

சரி, கூடாரத்தை எப்படிப் பார்த்து வாங்குவது?

முதலாவதாக, இருவரும் சேர்ந்து கடைக்குப் போங்கள். கடைக்காரரிடம் கேட்டு, கூடாரத்தை விரித்து, இருவரும் உள்ளே படுத்துப் பாருங்கள். உயரமானவருடைய தலையும் காலும் துணியில் படக் கூடாது. உள்நீளம் 210 சென்டிமீட்டரும் அகலம் 130 சென்டிமீட்டரும் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். இரண்டு பக்கமும் வாசல் இருந்தால் இன்னும் நல்லது. இரவில் எழுந்து போகிறவர் மற்றவரைத் தாண்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, இரட்டைத் துணிக் கூடாரமாகப் பாருங்கள். உள்ளே கொசுவலை வைத்த துணி, அதற்கு மேல் தரைவரை இறங்கும் மழைத்துணி, இரண்டுக்கும் நடுவே காற்றோட்டம். தூங்கும் மனிதனின் மூச்சிலும் தோலிலுமிருந்து ஓர் இரவில் ஏறத்தாழ ஒரு தம்ளர் நீர் ஆவியாகிறது. ஒற்றைத் துணியானால் அந்த ஆவி துணியில் முத்துமுத்தாகக் கோத்து நம் மேலேயே சொட்டும். ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுவோம். உண்மையில் அது நம் மூச்சுதான்!

மூன்றாவது, மழைக்குத் தாங்குமா என்று பாருங்கள். துணி எவ்வளவு உயரமான நீரைக் கசியாமல் தாங்கும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் எழுதியிருப்பார்கள். மேல்துணிக்கு 1,500க்குக் குறையக் கூடாது. தரைத்துணிக்கு 3,000 இருப்பது நல்லது. துணி எவ்வளவு உயர்ந்ததானாலும் ஊசித் துளை வழியாக நீர் இறங்கும். ஆகவே தையலின் உட்புறம் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தரைத்துணி நான்கு பக்கமும் ஒரு சாண் மேலேறித் தைத்திருந்தால் வெள்ளமும் அட்டையும் எளிதில் உள்ளே வராது.

நான்காவது, பாரம். இருவர் கூடாரம் இரண்டரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். ஒருவர் துணியைச் சுமக்கட்டும். மற்றவர் கம்புகளையும் முளைகளையும் சுமக்கட்டும். நனைந்த கூடாரம் மறுநாள் இன்னும் கனக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அலுமினியக் கம்பு இலேசானது, வளைந்தாலும் நிமிர்த்தலாம். கண்ணாடி இழைக் கம்பு மலிவு, ஆனால் பிளந்துபோகும்.

வாங்கியவுடன் காட்டுக்குப் புறப்பட்டுவிடாதீர்கள். லயத்துக்கு முன்னால் உள்ள புல்தரையில் இருவருமாகக் கட்டிப் பழகுங்கள். இருட்டிலும் கட்டிப் பாருங்கள். மேலே பத்து வாளித் தண்ணீர் ஊற்றி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒழுகினால் வீட்டு வாசலிலேயே ஒழுகட்டும்.

நல்ல கூடாரத்தையும் தவறான இடத்தில் கட்டினால் பயனில்லை. ஆற்றங்கரை மணலில் கட்டாதீர்கள். நம் தலைக்கு மேல் மழை இல்லாவிட்டாலும், மலையில் பெய்த மழை திடீரென்று ஆற்றில் பாய்ந்து வரும். மலாய்க்காரர்கள் அதைக் ‘கெப்பாலா ஆயர்’ என்பார்கள். மேலே பட்ட கிளை இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். புயலில் மரம் முறிவதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. தீ மட்டுமல்ல, மணமில்லாத விஷப்புகையும் ஆளைக் கொல்லும்.

திரும்பி வந்ததும் கூடாரத்தை நிழலில் நன்றாக உலர்த்தி வையுங்கள். சரியாக உலராத ரப்பர் தகடு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஈரத்தோடு மடித்த கூடாரமும் அப்படியே பூசணம் பிடித்துக் கெடும்.

எம்மிடம் வந்த இளைஞர்கள் இதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள். போகும்போது அந்தத் தாய், “அப்ப போய்ட்டு வரட்டும்” என்றார். அவர் கவலை அடியோடு தீர்ந்துவிடவில்லை. ஆனால் மகன் எங்கே, எப்படிப் படுப்பான் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கேட்டால் வேண்டாம் என்று வாயை அடைத்துவிடாதீர்கள். எந்த வழி, எத்தனை நாள், வழிகாட்டி யார், கூடாரம் எப்படி என்று கேளுங்கள். இளைஞர்களே, கூடாரத்தின் பாதி இடம் உங்கள் கூட்டாளிக்குச் சொந்தம். அவரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள். நாம் செய்த தவறு எம்மோடு போகட்டும்.