மானியம் யாருக்கு?

(சேர்வராயன் மலைக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



விவசாயிகளுக்குச் சர்க்கார் கொடுக்கும் மானியத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டீர்கள். அப்பணம் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்கிற ஒரே கேள்வியை மாத்திரம் இன்று எடுத்துக்கொள்ளுகிறேன்.

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில், 1820-களில், சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே இங்கு சாமை விதைத்து வாழ்ந்தவர்கள் மலையாளி மக்கள். துரைமார் தோட்ட முதலாளிகளானார்கள். அவர்கள் போனபின் வேறு முதலாளிகள் வந்தார்கள். மண்ணைக் கொத்துகிறவனுடைய நிலைமை மாத்திரம் மாறவில்லை. 1961-ம் வருஷத்து நில உச்சவரம்புச் சட்டமாவது மாற்றியதா? நெல் வயலுக்கு வரம்பு கட்டிய அச்சட்டம், அப்போதிருந்த காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு அளித்துவிட்டது!

இப்போது மானியத்துக்கு வருவோம். மத்திய சர்க்கார் 2019 முதல் பி.எம். கிசான் என்ற பெயரால் குடும்பத்துக்கு வருஷம் 6,000 ரூபாய், மூன்று தவணையாகக் கொடுத்து வருகிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 17 ரூபாய்கூட ஆகாது. முதலில் 2 ஹெக்டேருக்கு உட்பட்டவர்களுக்கே என்றார்கள். அவ்வருஷமே அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இல்லையென்பது உண்மைதான். ஆனால் பட்டாவில் பெயரில்லாத குத்தகைக்காரனுக்கும், காப்பிப் பழம் பறிக்கும் கூலிப் பெண்ணுக்கும் ஒரு காசும் இல்லை. காப்பி போர்டு மறுநடவுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தரும் உதவியோ, முதலில் கைப்பணத்தைப் போட்டு வேலையை முடித்துக் காட்டியவனுக்கே வருகிறது. கையில் பணமில்லாதவன் என்ன செய்வான்?

"நஷ்டம் நிலக்காரனுக்குத்தானே, மானியமும் அவனுக்குத்தானே?" என்று சிலர் கேட்கிறார்கள். மழை பொய்த்துப் பழம் பிடிக்காவிட்டால் பறிப்புக் கூலியும் இல்லாமல் போகிறதே, அது யாருடைய நஷ்டம்?

பட்டியலின் யோக்கியதையையும் பாருங்கள். 2020-ல் நமது தமிழ்நாட்டிலேயே தகுதியற்றவர்கள் 5 லட்சம் பேருக்கு மேல் இத்திட்டத்தில் நுழைந்து, 110 கோடி ரூபாய் போனதாக வெளியாயிற்று. தகுதியுள்ளவன் தாசில்தார் ஆபீசு வாசலில் நிற்க, இல்லாதவன் வங்கிக் கணக்கில் பணம் விழுந்தது!

ஆகவே தோழர்களே! பாட்டன் பெயரிலேயே கிடக்கும் பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். வாரிசாக வந்த நிலத்துக்கு 2019 பிப்ரவரி 1 என்ற கெடு தடையல்ல. காட்டு நிலத்தை நெடுங்காலமாக உழுகிறவர்கள் 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டப்படி மனுச் செய்யுங்கள். அவ்வுரிமை புருஷன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டுமென்பது சட்டம். மானியம் பெறுவோர் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கூலிக்காரனுக்கும் பங்கு வேண்டுமென்று ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் கேளுங்கள்.

இதைத் தலையெழுத்து என்று மாத்திரம் சொல்லாதீர்கள். பட்டாவில் உள்ள எழுத்து மனிதன் எழுதியது. மனிதனே திருத்தவும் கூடியது என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.