ஆடுதண்டு வளையமும் தனித்தமிழும்
(குரோம்பேட்டைப் பொழிவு)



தமிழில் பாட்டெழுதலாம், வழக்குரைக்கலாம்; ஆயின் பழைய பொறியொன்றைப் பிரித்துப் பூட்டத் தமிழ் உதவுமோ என்று எள்ளி நகையாடுவார் இன்றும் உளர். அவர்க்கு உரிய விடை மேடையில் இல்லை, பட்டறையில் உள்ளது. விரலளவு அகலமும் இல்லாத ஒரு சிறு வளையத்தைக் கொண்டே அவ்விடையைக் காணலாம்.

இவ்வூர்ப் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. தானியங்கு ஊர்திப் பொறியியலைக் கற்பிக்கும் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி இங்கே 1949ஆம் ஆண்டில் எழுந்தது. வடக்கே அடுத்துள்ள பல்லவரத்தில் 1911 முதல் வாழ்ந்து, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, 1950இல் மறைந்தவர் மறைமலையடிகளார். தெற்கே, அவர் பெயரையே தாங்கிய மறைமலைநகரில், ஊர்திப் பொறிகளுக்கான வளையங்களைச் செய்யும் தொழிற்சாலை நடைபெறுகிறது. அடிகளார் பெயர் பூண்ட ஊரில் உருவாகும் அவ்வளையம், அதைப் பூட்டும் தமிழன் வாயில் 'பிசுட்டன் ரிங்' என்றே வழங்குகிறது. இதனினும் கூரிய முரண் வேறு உண்டோ?

முதலில் பெயரைப் பார்ப்போர், பிசுட்டனுக்கு 'உந்துதண்டு' என்றும் 'ஆடுதண்டு' என்றும் இரு சொற்கள் நூல்களில் இருப்பதைக் காண்பர். இவற்றுள் எது தக்கது? 1955இல் தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் வண்டியைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அப்பொறியில் உருளையை ஒட்டி இரண்டு நீண்ட தண்டுகள் நின்று, மேலுள்ள அடைப்பான்களை உந்தித் திறக்கின்றன. உண்மையில் உந்துதண்டு என்னும் பெயர்க்கு உரியவை அவையே. உருளைக்குள் மேலும் கீழும் ஆடுவது ஆடுதண்டு. ஏட்டில் இணையாக நின்ற இரு சொற்களுள் ஒன்று, பொறியின் முன் வைத்ததும் பிழைபட்டுவிடுகிறது. சொல்லாக்குவோர் பட்டறைப் பலகையருகே சென்று நிற்க வேண்டிய கரணியம் இதுவே.

இனி வளையத்தின் பணி. 350 வகைப் புல்லட்டில் உருளையின் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். ஆடுதண்டின் வீச்சு 90 மில்லிமீட்டர். ஆடுதண்டு உருளைச் சுவரைத் தொடாமல் சற்றே ஒதுங்கி ஓடுகிறது. அவ்விடைவெளியை அடைப்பவை வளையங்கள். மேலுள்ளவை எரிவளியின் அழுத்தம் கீழிறங்காமல் காப்பதால் அழுத்த வளையங்கள். கீழுள்ளது சுவரில் மிகுந்த எண்ணெயை வழித்து இறக்குவதால் எண்ணெய் வழிப்பு வளையம். பெயரே பணியைச் சொல்லிவிடுகிறது. வளையம் தேய்ந்தால் உதைதண்டு எதிர்ப்பின்றி இறங்கும், புகைபோக்கியில் நீலப்புகை எழும், இழுவை குன்றும்.

புது வளையம் பூட்டும் முறை முழுவதையும் தமிழில் சொல்லலாம். ஆடுதண்டின் காடிகளில் படிந்த கரியைக் காடி கீறாமல் நீக்குக. உருளையின் வாயருகே, பழைய மேல்வளையம் ஏறி நின்ற இடத்தில், விளிம்பு தட்டியுள்ளதா என விரலால் தடவிப் பார்க்க. அவ்விளிம்பை நீக்காமல் புது வளையத்தைப் பூட்டினால், அது முட்டி உடையும். உருளை அளவு மீறித் தேய்ந்திருப்பின் புது வளையம் மட்டும் பயன் தராது. உருளையைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஆடுதண்டும் வளையமும் இடல் வேண்டும். தேய்வு சிறிதாயின், வழவழத்த சுவரை உரைகல்லால் குறுக்கும் மறுக்குமாக உரசிக் கழுவுக. அந்நுண்கீறல்களில் எண்ணெய் தங்கினால்தான் வளையம் சுவரோடு பொருந்தும்.

பின்னர், வளையத்தை உருளைக்குள் இட்டு, ஆடுதண்டின் தலையால் தள்ளி நேராக்கி, அதன் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வாயை மெல்லிய அளவுத்தகட்டால் அளக்க. 70 மில்லிமீட்டர் உருளைக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருத்தல் பொதுநெறி. செய்தவர் தரும் அளவே முடிவானது. வாய் குறைந்தால் வெப்பத்தில் வளையம் நீண்டு முனைகள் முட்டிச் சுவரைக் கீறும். எனவே முனையை அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்க்க. வார்ப்பிரும்பு வளையம் நொறுங்கும் இயல்பினது. வேண்டிய அளவுக்கு மேல் விரித்தல் ஆகாது. எண்ணெய் வழிப்பு வளையத்தை முதலிலும், மேல்வளையத்தை இறுதியிலும் ஏற்றுக. மூன்று வாய்களும் ஒரே நேர்கோட்டில் நில்லாதவாறு 120 பாகை இடைவிட்டு நிறுத்துக. எண்ணெய் தடவி, வளையங்களை அழுத்திப் பிடித்து, உருளையை மெல்ல இறக்குக.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஒரு பிழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பல வளையங்களின் ஒரு முகத்தில் 'மேற்புறம்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் நுண்ணிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். சரிவு விளிம்புள்ள வளையத்தைத் தலைகீழாக இட்டால், எண்ணெயை வழித்து இறக்க வேண்டியது மேலேற்றிவிடும். அப்பொறிப்பின் பொருளறியாத இளைஞன் கையில் பழி விழுகிறது, கூலி போகிறது. அவனுக்கு அறிவு குறைவன்று. அவன் அறிவு நுழையும் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. 'மேல்' என்னும் ஈரெழுத்து அவனுக்கு மறுக்கப்பட்டது. மொழிச்சிக்கல் என்பது புலவர் பூசல் அன்று. அது உழைப்பவன் வயிற்றுச் சிக்கல்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் கட்டடவியல், எந்திரவியல் பட்டப் படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. அது வரவேற்கத்தக்கது. எனினும் கல்லூரிக்குள் முளைக்கும் சொல் பட்டறைக்குள் வேர் பிடிக்காவிடின் வாடிவிடும். பட்டறையிலோ காடி, வாய், விளிம்பு, அரம், கடைசல், வழித்தல் எனத் தச்சரும் கொல்லரும் காத்த தமிழ் ஏற்கனவே உண்டு. அதைக் கேட்டுப் பெறாமல் அகரமுதலியிலிருந்து மட்டும் சொல்லெடுத்து இறக்குவது வளையமின்றி ஆடுதண்டை இறக்குவது போன்றதே. ஆற்றல் யாவும் கசிந்தொழியும்.

எனவே தமிழன்பர் செய்ய வேண்டுவன மூன்று. ஊர்தோறும் பட்டறைத் தோழரோடு அமர்ந்து அவர்தம் சொற்களைத் தொகுத்தல். ஒவ்வொரு வேலைக்கும் படத்துடன் தமிழ்க் கையேடு அச்சிட்டு வழங்குதல். தமிழ்நாட்டில் செய்யப்படும் உறுப்புகளின் பொதியிலேனும் பூட்டும் முறையைத் தமிழில் பொறிக்குமாறு வலியுறுத்துதல். பல்லவரத்தில் எழுந்த கொள்கை, குரோம்பேட்டைப் பட்டறையில் எண்ணெய் படிந்த கைகளில் ஏறும் நாளே தனித்தமிழ் வென்ற நாள்!