ஒரு லிட்டர் டீசலும் நிதி மசோதாவும்

(மட்டாஞ்சேரித் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



மட்டாஞ்சேரி பஜாரில் மிளகும் சுக்கும் ஏற்றும் லாரி, ஒவ்வொரு லிட்டர் டீசலுக்கும் வரி செலுத்துகிறது. அவ்வரி எந்தக் கருவூலத்தைச் சேரும் என்பதை நாடாளுமன்றத்தின் நிதி மசோதா தீர்மானிக்கிறது. அது பண மசோதா ஆதலால் மாநிலங்களவை அதனைத் தடுக்க இயலாது. 14 நாட்களுக்குள் பரிந்துரை கூறலாம், அவ்வளவே.

2021 பிப்ரவரியில் ஒரு லிட்டர் டீசலுக்கு ஒன்றிய அரசின் கலால் வரி 31.80 ரூபாய். இதில் அடிப்படை வரி 1.80 ரூபாய் மட்டுமே. எஞ்சிய 30 ரூபாய் செஸ், சர்சார்ஜ் வகையைச் சேர்ந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 270ஆவது பிரிவின்படி இவை மாநிலங்களுக்குப் பகிரப்படுவதில்லை. அந்த 1.80 ரூபாயில் 41 சதவீதமே எல்லா மாநிலங்களுக்கும் உரியது. அதில் கேரளத்தின் பங்கு 2021-26 காலத்துக்கு 1.925 சதவீதமாக இருந்தது. அதாவது, லிட்டருக்கு ஒன்றரைப் பைசாவும் இல்லை!

சுமைத் தொழிலாளியின் அரிசி விலையிலும் ஏறும் வரி இது. மறுபுறம், 2019இல் சலுகைகளைக் கைவிடும் பெருநிறுவனங்களுக்கு அடிப்படை வரி 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கென 2023இல் கேரள அரசு பெட்ரோல், டீசல் மீது லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் விதித்தது. அதுவும் மக்கள் மீதான சுமையே, மறுப்பதற்கில்லை. ஆனால், பங்கு மறுக்கப்பட்ட மாநிலத்துக்கு வேறு வழிகள் குறைவு. ஆகவே செஸ்ஸும் சர்சார்ஜும் பகிர்வுத் தொகுப்பில் சேர்க்கப்பட வேண்டும். பெருஞ்செல்வத்தின் மீது வரி விதிக்கப்பட வேண்டும். இவ்விரு கோரிக்கைகளும் பஜாரின் ஒவ்வொரு கிட்டங்கிக்கும் செல்லட்டும்!