கயிறு என்ன பாவம் செய்தது?

நடுவர் அவர்களே! புதுவைப் பெருமக்களே!

"குற்றம் கருவியிலா? கையிலா?" என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "கருவி கைக்கு வந்தாலே புத்தி கெட்டுவிடும்" என்றார். தினமும் அரிவாள்மணையோடு இருக்கிறவர் அவர். அவர் வீட்டுக்காரர் இதோ முன்வரிசையில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறாரே! (சிரிப்பு)

கடற்கரை ஊரில் பேசுகிறோம். ஒரு கப்பல் கயிற்றைப் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் இங்கே கப்பல் கரையை ஒட்டி வராது. தள்ளி நங்கூரம் போடும். சலங்குப் படகு போய்ச் சரக்கை ஏற்றி வரும். பிறகு பாலம் வந்தது. பழைய பாலம் 1952 புயலில் போயிற்று. அடுத்துக் கட்டியதிலும் ஒரு பகுதி 2022-ல் இடிந்து விழுந்தது. அது கிடக்கட்டும்.

துறையில் கப்பலைக் கட்ட பெரிய வடம் வேண்டும். அதைக் கப்பலிலிருந்து வீச பீமன்தான் வரவேண்டும்! அதனால் மாலுமி முதலில் மெல்லிய கயிற்றை வீசுவான். நுனியில் உருண்டையாக ஒரு முடிச்சு. ஆங்கிலத்தில் 'மங்கீஸ் ஃபிஸ்ட்', குரங்கு முஷ்டி என்று பெயர். கரையில் இருப்பவர் பிடித்து இழுத்தால் பின்னாலேயே வடம் வந்து சேரும்.

தூரமாகப் போகட்டும் என்று சிலர் முடிச்சுக்குள் ஈயக்குண்டு வைத்தார்கள். கரையில் நிற்கிறவன் மண்டை என்னாவது? அதனால்தான் பிரிட்டனின் கப்பல் பாதுகாப்பு விதி, "கயிற்றால் மட்டும் முடி, உள்ளே கனம் வைக்காதே" என்கிறது. இன்னும் சிலர் கயிற்றையே குட்டையாக வெட்டி, ஒரு முனையை மணிக்கட்டில் மாட்டி, சட்டைக்குள் மறைத்துக்கொண்டார்கள். அதற்கு 'ஸ்லங்ஷாட்' என்று பெயர். நீளமாக இருந்தால் கப்பலைக் கட்டும். ஒரு முழமானால் கபாலத்தை உடைக்கும். வெட்டியது யார்? கயிறு தானாகவா குட்டையாயிற்று? (கைத்தட்டல்)

"அப்படியானால் அமெரிக்காவில் சில மாநிலங்கள் ஏன் அதைத் தடை செய்தன?" என்று எதிரணி கேட்கும். செய்தன, உண்மை. ஆனால் அதே அமெரிக்காவில் 1858-ல் நடந்த வழக்கைக் கேளுங்கள். இல்லினாய் மாநிலம். மெட்ஸ்கர் என்பவரை ஸ்லங்ஷாட்டால் அடித்துக் கொன்றதாக டஃப் ஆம்ஸ்ட்ராங் என்ற இளைஞன் மீது கொலைக் குற்றம். வக்கீல் ஆபிரகாம் லிங்கன்! பையனின் அப்பா அவருடைய பழைய மல்யுத்தத் தோழர். காலமாகிவிட்டார். அந்த விதவைத் தாய்க்காக ஒரு காசு வாங்காமல் வந்து நின்றார்.

சாட்சி ஒருவன், "ராத்திரி பதினோரு மணி, நல்ல நிலா வெளிச்சம், இவன் அடித்ததைப் பார்த்தேன்" என்றான். லிங்கன் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். அப்புறம் மெதுவாகப் பஞ்சாங்கத்தை எடுத்தார். அந்த நேரத்தில் நிலா மறையப் போகிற நிலையில் அடிவானத்தில் கிடந்தது! சாட்சி விழித்தான். இன்னொருவர் வந்து, "அந்தக் குண்டு என்னுடையது" என்றார். பையன் விடுதலை.

ஐயா, ஆயுதம் கோர்ட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் கோர்ட் அதையா விசாரித்தது? எந்தக் கை என்றல்லவா தேடியது! கருவிதான் குற்றவாளி என்றால் லிங்கனுக்கு அங்கே என்ன வேலை? ஈயக்குண்டைத் தூக்கிலே போட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாமே! (சிரிப்பு, கைத்தட்டல்)

மணி அடித்துவிட்டார் நடுவர். அந்த மணியும் கருவிதான், ஆனால் என் பேச்சை நிறுத்தியது அவர் கை.