சொல்லத் தெரியாத பிள்ளையின் துக்கம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன் பற்றிப் பேச இங்கே நிறைய பேர் இருக்கீங்க. நான் என் சின்ன மகளைப் பற்றிப் பேசுறேன். நம்ம குழுக்களில் இன்னும் சில வீடுகளுக்கு இது உதவும்.

அவளுக்கு 13 வயசு. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை. பேச்சு பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். அவளோட அக்கா சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். சாயந்திரம் கம்பெனி பஸ் வர்ற நேரம் சின்னவள் ரோட்டோரம் போய் நிப்பாள். பஸ் நின்னதும் கை தட்டுவாள். உள்ளே இருக்கிற பொண்ணுங்க எல்லாரும் அவளுக்குக் கை காட்டுவாங்க.

பெரியவளுக்குக் கல்யாணம் ஆகி ஓசூர் போய்ட்டாள். அதுக்கப்புறம் சின்னவள் ரோட்டுக்குப் போகல. மூலையில் உட்கார்ந்தே இருந்தாள். நான் ஒரகடத்தில் கேன்டீன் வேலைக்கு ஷிப்டு போறவள். உண்மையைச் சொல்றேன், "பரவாயில்ல, தொந்தரவு இல்லாம இருக்கா"ன்னு முதலில் எனக்கு நிம்மதியாத்தான் இருந்தது. அந்த நிம்மதிதான் இன்னைக்கும் என்னை உறுத்துது.

பிறகு சோறு குறைஞ்சது. விடியற்காலை மூணு மணிக்கே முழிச்சுக்குவாள். தொட்டால் கத்துவாள், தன் கையையே கடிச்சுக்குவாள். கோயிலில் மந்திரிச்சுக் கயிறு கட்டினோம். ஒரு ஆஸ்பத்திரியில், "இந்த மாதிரி பிள்ளைங்க இப்படித்தான் இருப்பாங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நானும் நம்பிட்டேன்.

நம்பாதவங்க வட்டார வள மையத்திலிருந்து வர்ற சிறப்பாசிரியர் ஒருத்தர்தான். "போன வருஷம் இவள் இப்படி இருந்தாளா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இல்லை"ன்னேன். "அப்போ இது குறைபாடு இல்ல. குறைபாடு பிறந்ததிலிருந்து இருக்கு. இது புதுசா வந்தது"ன்னாங்க.

அவங்க சொல்லித்தான் தெரிஞ்சது, எதைப் பார்த்தாலும் குறைபாட்டின் மேலேயே பழி போடுறது உலகம் முழுக்க நடக்கிற தப்புன்னு. 1982-லேயே அமெரிக்காவில் ஸ்டீவன் ரைஸ் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் இதை ஆய்வு செய்து எழுதியிருக்காங்க. மனநோயின் அறிகுறி கண்ணுக்கு எதிரே இருந்தாலும், அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்று தெரிந்ததும் நிபுணர்களே அதைக் குறைத்து மதிப்பிடுறாங்களாம்.

அக்கா தங்கைகளே, நம்ம கணக்குப் புத்தகத்தில் முதல் வரி என்ன? ஆரம்ப இருப்பு. அது தெரியலைன்னா வரவும் புரியாது, செலவும் புரியாது. பேசத் தெரியாத பிள்ளைக்கும் அப்படித்தான். அவள் எப்படித் தூங்கினாள், எதைச் சாப்பிட்டாள், எதுக்குச் சிரிச்சாள் என்கிற ஆரம்ப இருப்பு டாக்டர் கையில் இருக்காது. நம்ம கையில்தான் இருக்கு.

டீச்சர் 14 நாள் நோட்டு எழுதச் சொன்னாங்க. தூக்கம், சாப்பாடு, விளையாட்டு, அழுகை, கையைக் கடிச்சது, அதுக்கு முன்னாடி என்ன நடந்தது. மனச்சோர்வுன்னு டாக்டர்கள் முடிவு செய்ய, குறைந்தது இரண்டு வாரம் ஏறக்குறைய தினமும் இந்த மாற்றம் இருக்கணுமாம். பிள்ளைகளிடம் அது சோகமாக இல்லாமல் எரிச்சலாகவும் வெளிப்படுமாம்.

அந்த நோட்டோடு மனநல டாக்டரிடம் போனோம். அவர் முதலில் உடம்பைத்தான் பார்த்தார். பல், காது, மலச்சிக்கல், தைராய்டு ரத்தப் பரிசோதனை. வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையும் கையைக் கடிக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குத் தைராய்டு குறைபாடு அதிகம் வரும், அதுவும் சோர்வாகத் தெரியும் என்றார். அடுத்து, யாராவது அவளைத் தொட்டாங்களா, அடிச்சாங்களா என்று என்னைத் தனியாக விசாரித்தார். கேட்கக் கஷ்டமாத்தான் இருந்தது. ஆனா கேட்க வேண்டிய கேள்வி. அந்தச் சந்தேகம் உங்களுக்கு இருந்தால் 1098-க்குப் பேசுங்க.

அவளிடம் "வருத்தமா இருக்கியா?"ன்னு அவர் கேட்கல. இந்தப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் "ம்" என்று தலையாட்டலாம். முகப் படங்களைக் காட்டினார், விளையாட விட்டுப் பார்த்தார், டீச்சரிடம் தனியாகக் கேட்டார். அப்புறம்தான் மனச்சோர்வு என்றார். அக்கா எங்கே போனாள்னு அவளுக்கு யாருமே சொல்லவில்லை என்பது அப்போதான் எனக்கு உறைச்சது.

இப்போ தினமும் அதே பஸ் நேரத்தில் பெரியவள் வீடியோ காலில் வர்றாள். அவள் ஊருக்கு வர்ற நாளைக் காலண்டரில் படம் ஒட்டிக் காட்டுறோம். டாக்டர் சொன்னபடி தொடர்ந்து பார்க்கிறோம். முழுசா சரியாகலை. கையில் தழும்பு இருக்கு. ஆனா போன மாசம் ஒருநாள் தானாகவே ரோட்டுக்குப் போய் நின்னாள். பஸ்ஸில் இருந்த பொண்ணுங்க கை காட்டினாங்க.

நமக்கு வழி இருக்கு. காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கு. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் இருக்கு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது.

ஒரு கோரிக்கை. மாதக் கூட்டத்தில் கடன் தவணையைக் கேட்கிற மாதிரி, இப்படிப் பிள்ளை உள்ள உறுப்பினரிடம் "பிள்ளை முன்ன மாதிரி இருக்காளா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதில் "இல்லை"ன்னு வந்தால், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்க. கூடவே ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்க.